தனிப்பணியும் அடையாள ஆவணங்களும்

ஒருவர் தாம் இன்னார் என்பதைப் பிறர்க்கு மெய்ப்பித்துக் காட்டவேண்டிய அவசியம் மக்கள் வாழ்க்கையிற் பழமையானதே. முற்காலத்தில் ஊரார் சொல்லும், உறவினர் சான்றும், பெரியோர் எழுதித் தரும் கடிதமும் அதற்குப் போதியனவாய் இருந்தன. கலாசாலையை விட்டு நீங்கும் மாணாக்கன் தலைவரது கையொப்பமிட்ட நற்சான்றிதழ் ஒன்றைப் பெற்று, வேலை தருவோரிடம் அதனைக் காட்டுவான். அவர் படித்துத் திருப்பித் தந்தபின் மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வான். சான்றிதழ் அவன் கையை விட்டு நீங்குவதில்லை. இன்றோ நிலைமை முற்றும் வேறாயிற்று. இன்னார் என்பதை இப்பொழுது மெய்ப்பிப்பன அட்டைகளும் எண்களுமே. அவற்றைக் காட்டினாற் போதாது, நகல் கொடுக்கவேண்டும் என்பர். கொடுத்த நகல் திரும்பி வருவதில்லை. காட்டுதல் வேறு, கொடுத்தல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறுவனம் எதிலும் நிலையான உத்தியோகத்தில் அமராது, வேலைதோறும் கூலி பேசிச் செய்துகொடுக்கும் முறையை ஃப்ரீலான்ஸ் என்று வழங்குகின்றனர். இங்கு அதனைத் தனிப்பணி என்போம். நம் மாணாக்கருள் பலர் படிக்கும் காலத்திலேயே இம்முறையிற் பொருளீட்டுகின்றனர். மொழிபெயர்த்தல், ஒலிப்பதிவை எழுத்தாக்கல், படம் வரைதல், காணொளியைச் சீர்செய்தல், கணினிக்கு நிரல் எழுதுதல், சிறார்க்குப் பாடஞ் சொல்லல் முதலியன அவர் செய்யும் வேலைகள். விடுதிக் கட்டணத்திற்கும், வீட்டில் இளையோர் படிப்பிற்கும் இவ்வருவாய் உதவுகின்றது. வேலை கொடுப்போர் சென்னையிலும் இருப்பர், கலிபோர்னியாவிலும் இருப்பர். முகத்தைக் கண்டறியாத அவரிடமிருந்து வரும் முதற் கடிதமே பெரும்பாலும், “ஆதார் அட்டை, பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், கையில் அட்டையுடன் ஒரு செல்பி ஆகியவற்றை இன்றே அனுப்புக” என்பதாய் இருக்கின்றது. அனுப்பாவிடின் வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தால் மாணாக்கர் ஆராயாது அனுப்பிவிடுகின்றனர். கூலி சிலநூறு ரூபாயாயினும், அதற்கு ஈடாகக் கைமாறுவது ஒருவரது பெயர் என்பதை அவர் எண்ணுவதில்லை.

நிறுவனங்கள் கேட்பது எற்றுக்கு?

முதற்கண், கேட்பவர் யாவரும் வஞ்சகர் என்று கொள்ளுதல் தவறு. நேர்மையான நிறுவனத்துக்கும் சில விவரங்கள் இன்றியமையாதன. அவை மூன்று காரணம் பற்றியன.

முதலாவது வரி. வருமான வரித் துறையார் வழங்கும் பான் எண் பத்து இடங்களை உடையது. முதலில் ஐந்து ஆங்கில எழுத்தும், பின்னர் நான்கு இலக்கமும், இறுதியில் ஓர் எழுத்தும் அமைந்திருக்கும். நான்காம் எழுத்து ‘பி’ என்றிருப்பின் அது தனிமனிதர்க்கு உரியதென அறியலாம். ஓராண்டில் ஒருவர்க்குக் கொடுக்கும் கூலி குறித்த வரம்பை மிஞ்சுமாயின், நிறுவனம் அதில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்து அரசாங்கத்திற் செலுத்தல் வேண்டும். தொழில்முறைச் சேவைக்கு அது பொதுவாக 10 விழுக்காடு. பான் எண் கொடாதார்க்கோ 20 விழுக்காடு பிடிக்கவேண்டும் என்பது விதி. பிடித்த தொகை நம் பெயரில் வரவு வைக்கப்படுவதும் இவ்வெண்ணைக் கொண்டேயாகும். ஆகவே இந்திய நிறுவனம் ஒன்று பான் எண் கேட்பின் அது முறையான கேள்வியே. மறுத்தால் நட்டம் நமக்கே.

இரண்டாவது கூலி செலுத்தல். அதற்கு வேண்டுவன வங்கிக் கணக்கில் உள்ள பெயர், கணக்கு எண், கிளையைக் குறிக்கும் 11 இடங்கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகிய மூன்று மட்டுமே. சிலர் கணக்கைச் சரிபார்க்க, குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்றெழுதிய காசோலை ஒன்றைக் கேட்பர். அதன்மேற் கையொப்பம் இடவேண்டுவதில்லை.

மூன்றாவது ஆளை உறுதி செய்தல். வேலை தருவோரையும் செய்வோரையும் இணையத்தில் ஒன்று கூட்டும் தளங்கள் பல உள்ளன. ஒருவரே பல பெயர்களிற் கணக்குத் தொடங்குதலும், ஒருவர் கணக்கை மற்றொருவர் வாடகைக்கு வாங்குதலும் அங்கு நிகழ்தலின், அத்தளத்தார் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணம் ஒன்றையும் முகப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

அமெரிக்க நிறுவனத்திற்குப் பணி செய்வோரிடம் டபிள்யூ-8பென் என்னும் படிவம் ஒன்று கேட்கப்படும். அயல்நாட்டார் என்பதை உறுதி கூறும் அப்படிவத்திற் பெயர், குடியுரிமை நாடு, முகவரி, பிறந்த நாள், தம் நாட்டு வரி எண் ஆகியவற்றை எழுதவேண்டும். நம் நாட்டவர்க்கு அவ்வரி எண் பான் எண்ணேயாம். ஆதார் எண்ணை எழுதுதற்கு அதில் இடமே இல்லை.

இம்மூன்று காரணங்களையும் எண்ணிப் பார்ப்பின் ஓர் உண்மை தெற்றென விளங்கும். வரிக்குப் பான் போதும். கூலிக்குக் கணக்கு எண் போதும். ஆளை அறிதற்குப் படமுள்ள ஆவணம் ஒன்று போதும். இவற்றுள் எதற்கும் ஆதாரின் பன்னிரண்டு இலக்கங்களையும் முழுமையாகக் கொடுத்தல் அவசியமன்று. ஆயினும் மிகுதியாகக் கேட்கப்படுவதும் மிகுதியாகக் கொடுக்கப்படுவதும் அதுவேயாகும்.

ஆதாரைப் பற்றிய சட்டம்

ஆதார் எண்ணை வழங்கும் ஆணையம் 2009-ஆம் ஆண்டு ஏற்பட்டது. 2010 செப்டம்பர் 29-ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலத்து நந்துர்பார் மாவட்டத்திலுள்ள தெம்ப்ளி என்னும் சிற்றூரில் முதல் எண் வழங்கப்பெற்றது. அரசாங்க உதவிகள் உரியவரையே சென்று சேரவேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். அதற்கெனத் தனிச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தனியார் கம்பெனிகளும் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்டுப் பயன்படுத்த இடந்தந்தது.

இதற்கிடையில், அந்தரங்கம் காத்தல் அரசியலமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆதார்ச் சட்டத்தை ஆராய்ந்தது. அவருள் நால்வர் அச்சட்டத்தை நிலைநிறுத்தியபோதிலும், தனியார் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்கலாம் என்னும் பகுதியை நீக்கிவிட்டனர்.

2019-இல் திருத்தச் சட்டம் ஒன்று வந்தது. அனுமதி பெற்ற நிறுவனங்கள், உரியவர் மனமுவந்து இசைந்தால் மட்டும், ஆதார் வாயிலாக அவரைச் சரிபார்க்கலாம். வேறு ஆவணங்கொண்டும் தம்மை மெய்ப்பிக்கலாம் என்பதை அவருக்கு அறிவித்தல் வேண்டும். அவர் மறுத்தார் என்பது பற்றிச் சேவையை மறுத்தல் கூடாது. ஆணையத்தின் கணினியோடு தொடர்பு கொள்ளாமல் அட்டையைக் கொண்டே ஒருவரைச் சரிபார்க்கும் நிறுவனமாயின், அவரது ஆதார் எண்ணைத் திரட்டவும், பயன்படுத்தவும், சேமித்து வைக்கவும் கூடாது என்றும் அத்திருத்தம் விதித்தது. மேலும், ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்பதையும் மூலச் சட்டம் வெளிப்படையாகக் கூறுகின்றது.

2022 மே 27-ஆம் நாள் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலை யார்க்கும் ஆராயாது கொடாதீர். கொடுக்க நேரின் எண்ணை மறைத்த நகலைக் கொடுங்கள். பொதுக் கணினி நிலையங்களில் அட்டையைப் பதிவிறக்கினால் அக்கோப்பை அழித்துவிடுங்கள் என்பது அதன் கருத்து. தவறாகப் பொருள் கொள்ளப்படக்கூடும் என்று கூறி இரண்டே நாளில் அரசாங்கத்தார் அவ்வெச்சரிக்கையைத் திரும்பப் பெற்றனர்; வழக்கமான முன்னெச்சரிக்கையோடு ஆதாரைப் பயன்படுத்துக என்று மட்டும் கூறினர். அறிக்கை திரும்பப் பெறப்பட்டதேயன்றி, எண்ணை மறைத்த நகல் என்னும் ஏற்பாடு நீங்கவில்லை. ஆணையத்தின் தளத்திலிருந்து இன்றும் அதனைப் பெறலாம். அதில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு, இறுதி நான்கு மட்டுமே தோன்றும். அட்டையில் உள்ள க்யூ.ஆர். குறியில் ஆணையத்தின் மின்னொப்பம் அடங்கியிருத்தலின், அட்டை மெய்யானதா என்பதை அக்குறியைப் படித்தே நிறுவனத்தார் அறியலாம். எண் முழுவதும் வேண்டுவதில்லை.

கொடுத்த எண் என்னாகும்?

நம்பிக்கைக்கு உரிய நிறுவனத்திடம் கொடுத்தால் என்ன தீங்கு என்று சிலர் வினவுவர். இதற்கு விடையாக அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த செய்தி ஒன்றைக் கூறலாம்.

அந்நாட்டில் முதுமைக்கால உதவித்தொகைக் கணக்கிற்காக 1936 முதல் தொழிலாளர்க்குச் சமூகக் காப்பு எண் என்பதொன்று வழங்கப்பட்டு வருகின்றது. 1938-இல் நியூயார்க் மாகாணத்து லாக்போர்ட் என்னும் ஊரில் பணப்பை செய்யும் கம்பெனி ஒன்று, தன் பைகளில் அவ்வட்டை நன்கு பொருந்தும் என்று காட்டுதற்பொருட்டு, மாதிரி அட்டை ஒன்றை அச்சிட்டு ஒவ்வொரு பையிலும் செருகிற்று. கம்பெனி அதிகாரி ஒருவர், தம்மிடம் காரியதரிசியாய் இருந்த பெண்மணியின் மெய்யான எண்ணையே அம்மாதிரியிற் பொறித்துவிட்டார். பைகள் ஊல்வொர்த் கடைகளிலும் பிற கடைகளிலும் விற்பனையாயின. மாதிரி அட்டை உண்மை அட்டையிற் பாதியளவே இருந்தது. சிவப்பு மையில் அச்சிடப்பட்டிருந்தது. மாதிரி என்னும் சொல்லும் அதன்மேற் காணப்பட்டது. இருந்தும், பை வாங்கினோர் பலர் அவ்வெண்ணைத் தமதென்றே கருதி வழங்கினர். 1943-இல் மட்டும் 5,755 பேர் அதனை வழங்கிவந்தனர். காலப்போக்கில் தம் எண் என்று அதனைக் கூறினோர் தொகை 40,000-க்கு மேற்பட்டது. 1977-இலுங்கூட அவ்வாறு கூறினோர் 12 பேர் இருந்தனர். அரசாங்கத்தார் அவ்வெண்ணையே நீக்கி, அப்பெண்மணிக்கு வேறோர் எண் கொடுக்க நேர்ந்தது.

இச்செய்தியில் வஞ்சகர் ஒருவருமிலர். சம்பளக் கணக்கிற்காக ஒரு பெண்மணி தம் எசமானரிடம் கொடுத்த எண்ணை, அவர் விளம்பரத்திற்குப் பயன்படுத்தினார்; அவ்வளவே. ஒரு காரியத்திற்காகக் கொடுத்தது மற்றொரு காரியத்திற்குச் சென்றதே கேட்டிற்கு வித்தாயிற்று.

இக்காலத்தில் நகல் பரவும் வேகம் அதனினும் பன்மடங்கு மிகுந்தது. 2022 செப்டம்பரில் ஆஸ்திரேலிய நாட்டுத் தொலைபேசி நிறுவனமாகிய ஆப்டஸின் கணினிகளிலிருந்து ஏறத்தாழ 98 இலட்சம் பேருடைய விவரங்கள் கவரப்பட்டன. அவருள் ஏறத்தாழ 21 இலட்சம் பேருக்குக் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் முதலிய ஆவணங்களின் எண்களும் வெளிப்பட்டன. அந்நிறுவனத்தின் தொடர்பை முன்னரே விட்டு நீங்கியோரும் அவருள் அடங்குவர். 2025 அக்டோபரில், டிஸ்கார்ட் என்னும் உரையாடல் தளம், வயதை மெய்ப்பிக்கும்பொருட்டு அனுப்பப்பட்ட அடையாள ஆவணப் படங்கள் ஏறத்தாழ 70,000 பேருடையவை வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று அறிவித்தது. அப்படங்கள் கவரப்பட்டது அத்தளத்தின் பொருட்டு வாடிக்கையாளர்க்கு விடையிறுக்கும் வேறொரு நிறுவனத்தின் வழியாகவாம். ஆகவே நாம் நம்பிக் கொடுக்கும் நிறுவனம் நேர்மையுடையதாயினும், அது யாரிடம் கொடுத்து வைக்கின்றது என்பதை நாம் அறியோம். வேலை முடிந்து, கூலி பெற்று, தொடர்பு அற்றுப் பல ஆண்டு கழிந்தபின்னும் நகல் அங்கே கிடக்கின்றது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளையும், தந்தை பெயரையும், முகத்தையும் மாற்றிக்கொள்ள இயலுமோ?

வஞ்சகர் செய்வன

இனி, தொடக்கத்திலேயே வஞ்சனை கருதிக் கேட்போரைப் பற்றிச் சிறிது கூறுதும். ஆதார், பான், முகப்படம் மூன்றும் ஒருங்கே கிடைப்பின், பிறர் பெயரிற் கடன் வாங்கவும், செல்பேசி இணைப்புப் பெறவும், போலி வியாபாரம் ஒன்றைச் சரக்கு சேவை வரித் துறையிற் பதிவு செய்யவும் அவர் முயல்வர். இத்தகைய போலிப் பதிவுகளைக் கண்டுபிடித்தற்கென்றே 2023-ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை நாடெங்கும் தனிச் சோதனை நடத்தப்பட்டது. தாம் கண்டும் கேட்டுமறியாத வியாபாரத்திற்கு வரி கட்டுக என்று எளிய குடும்பத்தார்க்கு அறிவிப்பு வருதல் இதன் பயனாகும்.

மாணாக்கரைக் குறிவைத்து நிகழும் மற்றொரு மோசம் தட்டச்சு வேலை என்னும் பெயரால் வருவது. வீட்டிலிருந்தே பக்கங்களைத் தட்டச்சு செய்தால் வாரந்தோறும் பெருந்தொகை தருவதாக விளம்பரம் வரும். முதலில் அடையாள ஆவணங்களும், ஒப்பந்தத்திற் கையொப்பமும் வாங்கிக்கொள்வர். வேலையை முடித்து அனுப்பியதும், பிழைகள் மிகுந்தன, ஒப்பந்தத்தை மீறினீர், இத்துணை ஆயிரம் ரூபாய் தண்டம் கட்டுக, இல்லையேல் வழக்குத் தொடுப்போம் என்று வக்கீல் பெயரில் கடிதம் வரும். கையில் ஆவண நகல் இருத்தலின் முகவரி, தந்தை பெயர் முதலியவற்றையெல்லாம் குறித்து எழுதுவர். அதனைக் கண்டு அஞ்சிய மாணாக்கர் பெற்றோர்க்கும் தெரிவியாது கடன்பட்டுப் பணம் அனுப்புவதுமுண்டு. இக்கடிதம் கண்டு அஞ்சவேண்டா. நீதிமன்றம் அனுப்பும் அழைப்பு வேறு, யாரோ ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பும் மிரட்டல் வேறு. அத்தகைய கடிதம் வரின் முதலிற் செய்யத்தக்கது பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அதனைக் காட்டுதலேயாம்.

கொடுக்குமுன் ஆராய்க

ஆழம் அறியாது காலை விடலாகாது என்பர் நம் முன்னோர். எந்நிறுவனமாயினும் ஆவணம் கொடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: கேட்பவர் யார்? எதற்காகக் கேட்கின்றார்? வேலை முடிந்தபின் நகலை என் செய்வார்?

முதல் வினாவிற்கு விடை காண்டல் அரிதன்று. இந்தியாவிற் பதிவு பெற்ற கம்பெனி ஒவ்வொன்றுக்கும் 21 இடங்கொண்ட பதிவெண் உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திற் பெயரைத் தேடி அதனைச் சரிபார்க்கலாம். சரக்கு சேவை வரிப் பதிவு உடையதாயின் அதற்கு 15 இடங்கொண்ட எண் இருக்கும்; அவ்வரித் தளத்தில் அதனை யாவரும் தேடிப் பார்க்கலாம். கடிதம் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, இலவச முகவரியிலிருந்து வந்ததா என்பதையும் நோக்குக. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திரும்பத் தரும் முன்பணம் என யாதொரு பெயராலேனும் வேலை செய்பவரிடமே பணங் கேட்பவர் வேலை கொடுப்பவரல்லர்.

இரண்டாம் வினாவிற்கு நிறுவனத்தாரே விடை கூறவேண்டும். வரிக்கென்று கூறின் பான் எண்ணும், கூலிக்கென்று கூறின் கணக்கு எண்ணும் கொடுக்க. “எல்லோரும் கொடுக்கின்றனர்” என்பது காரணமாகாது. வேலை உறுதியாகுமுன், விண்ணப்ப நிலையிலேயே, எந்த ஆவணமும் கொடுக்கவேண்டுவதில்லை. ஒப்பந்தமும் கூலியும் முடிவானபின் கொடுத்தலே முறை.

கொடுக்கும்பொழுது, நம் அலுவலகங்களிற் பெரியோர் கையாளும் பழைய வழக்கம் ஒன்றைப் பின்பற்றுதல் நலம். அவர் நகலின்மேற் குறுக்கே கையொப்பமிட்டு, இன்ன காரியத்திற்கு மட்டும் என்று எழுதுவர். அவ்வாறே நாமும் படத்தின்மேல், எழுத்துக்களும் முகமும் ஊடே தோன்றும்படி, “இன்ன நிறுவனத்திற்கு, இன்ன வேலையின் வரிக் கணக்கிற்கு மட்டும்” என்று நாளும் குறித்துப் பொறித்து அனுப்பலாம். களவு போனாலும் அந்நகல் வேறிடத்திற் செல்லாது. சென்றாலும் எங்கிருந்து சென்றது என்பது வெளிப்படும். ஆதாராயின் எண் மறைத்த நகலையே அனுப்புக. நகலெடுக்கும் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அட்டையை அனுப்பி அச்செடுத்தபின், அக்கடைக்காரர் கணினியிலிருந்து அதனை அழித்ததைக் கண்ணாற் கண்டு வருதல் வேண்டும்.

எந்நிலையினும் கொடுக்கத் தகாதனவும் சில உள. ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவெண், வங்கி அட்டையின் இரகசிய எண், கையொப்பமிட்ட வெற்றுத்தாள், தொகை எழுதாது கையொப்பமிட்ட காசோலை ஆகியவற்றை எந்த நேர்மையான நிறுவனமும் கேளாது. நம் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லுதலும், நம் வங்கிக் கணக்கிற் பணம் வாங்கிப் பிறர்க்கு அனுப்பினால் பங்கு தருவதாகக் கூறுதலும் வஞ்சனையின் அடையாளங்கள். பின்னதற்கு இசைந்த மாணாக்கர் காவல் நிலையத்தில் தாமே குற்றவாளியாய் நிற்க நேரும்.

கொடுத்தபின் காவல்

மூன்றாம் வினா நகலின் பிற்காலத்தைப் பற்றியது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விதி வகுத்துள்ளது. குறித்த காரியத்திற்கு இன்றியமையாத விவரத்திற்கே நம் இசைவு செல்லும் என்பது அதன் கோட்பாடு. அச்சட்டமே எடுத்துக்காட்டு ஒன்று தருகின்றது: தொலைவிலிருந்து மருத்துவம் பார்க்கும் செயலி ஒன்று, நோயாளியின் தொலைபேசியில் உள்ள நண்பர் பட்டியலையும் கேட்க, அவரும் இசைந்துவிட்டார், மருத்துவத்திற்கு அப்பட்டியல் வேண்டாமையின் அவ்விசைவு செல்லாது. காரியம் முடிந்தபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, விவரங்களை அழித்தல் வேண்டும். அழிக்கக் கோரும் உரிமையும் நமக்கு உண்டு. தக்க பாதுகாப்புச் செய்யாத நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரிலேயே வெளிவந்தன. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 திங்கள் கழிந்த பின்னரே நடைமுறைக்கு வருமாறு அவை அமைந்துள்ளன. அதுவரை சட்டத்தின் துணையைக் காட்டிலும் நம் விழிப்பே பெருந்துணையாகும்.

அவ்விழிப்பிற்கு உதவுவன நான்கு. வருமான வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையில், நம் பான் எண்ணைக் குறித்து யார் யார் என்ன தொகை காட்டியுள்ளனர் என்பதைக் காணலாம். கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு உள. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருதல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. நாம் வாங்காத கடன் நம் பெயரில் இருப்பின் அதிற் புலப்படும். 2023-இல் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி என்னும் அரசாங்கத் தளத்தில் நம் பெயரில் உள்ள செல்பேசி இணைப்புக்களை அறியலாம். ஆதார் ஆணையத்தின் தளத்தில் நம் எண் எங்கெங்குச் சரிபார்க்கப்பட்டது என்னும் வரலாற்றைக் காணவும், கைரேகை முதலியவற்றைப் பூட்டி வைக்கவும் இயலும். ஆண்டுக்கு இருமுறை, பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில், இந்நான்கையும் நோக்குதலை வழக்கமாக்கிக்கொள்ளலாம். பணமோசம் நேர்ந்துவிடின் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். முதற் சில மணி நேரத்திற் கூறினால் பணம் போகும் வழியைத் தடுத்தல் கூடும்.

மறுத்தால் வேலை போகாதோ?

இவ்வளவும் கேட்டபின் மாணாக்கர் ஒருவர் கூறக்கூடும்: “நான் மறுத்தால் என்னைப் போல் நூறு பேர் காத்திருக்கின்றனர். அறிவுரை கூறுவோர் என் கட்டணத்தைக் கட்டுவாரோ?” இக்கூற்றிற் பெரிதும் உண்மை உண்டு. கூலிக்குக் காத்திருப்பவர்க்கும் கொடுப்பவர்க்கும் இடையே வலிமை ஒத்ததன்று. ஆயினும் முழுதும் கொடுத்தல், முழுதும் மறுத்தல் என்னும் இரண்டிற்கும் இடையே வழி ஒன்று உண்டு. கேட்டதன் நோக்கம் நிறைவேறுமாறு, அதற்குப் போதிய அளவே கொடுத்தலாகிய அவ்வழியை ஒரு கடிதத்தால் விளக்குவாம்.

“ஐயா, தாங்கள் அளித்த பணிக்கு நன்றி. வரிக் கணக்கிற்காக என் பான் எண்ணையும், கூலி செலுத்துதற்காக என் வங்கிக் கணக்கு விவரத்தையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். என்னை அடையாளம் அறிதற்பொருட்டு எண் மறைத்த ஆதார் நகல் ஒன்றும் இணைத்துள்ளேன். அதிலுள்ள குறியைக் கொண்டு அதனைச் சரிபார்க்கலாம். வேண்டுமாயின் காணொளி அழைப்பில் வந்து மூல அட்டையையும் காட்டுவேன். முழு எண் எச்சட்டத்தின்படி வேண்டும் என்பதைத் தெரிவித்தால் ஆவன செய்வேன். பணி முடிந்தபின் இந்நகல்களை அழித்துத் தெரிவிக்குமாறு வேண்டுகின்றேன்.”

இக்கடிதத்தில் மறுப்பு எங்கும் இல்லை. நேர்மையான நிறுவனத்திற்கு இது போதும். தன் பெயரைக் காப்பவன் தங்கள் இரகசியத்தையும் காப்பான் என்று அவர் நன்மதிப்புக் கொள்ளவும் கூடும். இதற்குச் சினந்து, உடனே முழு எண்ணும் வேண்டும் என்று விரைவுபடுத்துவோர் தம் இயல்பைத் தாமே அறிவித்துக்கொள்கின்றனர். அவரிடம் இழந்தது வேலையாகாது.

பழைய மாணாக்கர்க்கும் இங்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் கலாசாலையிற் பயின்ற பலர் இன்று பிறர்க்கு வேலை கொடுக்கும் நிலையில் உள்ளனர். தம் அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தை அவர் ஒருமுறை எடுத்து நோக்குவாராக. எவர் எழுதியதோ அறியாமல், ஆண்டாண்டாக ஆதார் நகல் கேட்கும் வரி ஒன்று அதில் இருத்தல் கூடும். அதனால் ஆகும் பயன் யாது, அந்நகல்கள் எந்தப் பெட்டியில், எவர் பார்வையிற் கிடக்கின்றன என்று வினவி, வேண்டாததை நீக்குவாராயின், பல இளைஞர்க்கு அது பேருதவியாகும். திரட்டாத ஆவணத்தைக் காக்கவேண்டிய கவலையும் அவர்க்கு இல்லை. ஆசிரியப் பெருமக்கள் கூலி ஒப்பந்தம் ஒன்றைப் படித்துப் பொருள் கொள்ளும் பயிற்சியை இறுதியாண்டு மாணாக்கர்க்கு ஒரு மணி நேரமேனும் அளிப்பாராயின் அதுவும் பெரும்பயன் தரும்.

சுருங்கக் கூறின், காட்டினாற் போதுமாயின் காட்டுக. கொடுக்க வேண்டுமாயின் எதற்கென்று குறித்துக் கொடுக்க. குறித்த காரியத்திற்கு மிஞ்சியதைக் கொடாதொழிக. வேலைகள் வரும், போகும். கூலி இன்று குறையும், நாளை பெருகும். பெற்றோர் இட்ட பெயரும் அதனைச் சார்ந்த எண்களும் வாழ்நாள் முழுவதும் நம்மோடு வருவன. முதற் கூலியை வாங்கப் புறப்படும் இளைஞர் அவற்றைப் பேணிக்கொள்வாராக.